டொலமைட், எப்பாவல, லோட் மண்: மலையகத்தில் காசு கொடுத்து வாங்கும் கல்லும் மண்ணும்

இலங்கை மலையகத்தில் எந்த உரக்கடைக்குப் போனாலும் கதவோரத்தில் இரண்டு வகை மூட்டை அடுக்கியிருக்கும். வெள்ளையாகவோ சாம்பல் வெள்ளையாகவோ இருப்பது டொலமைட். கபில நிறத்தில் இருப்பது எப்பாவல பொஸ்பேட். இரண்டுமே கல்லை அரைத்த மா. மூன்றாவது சரக்கு கடையில் கிடைக்காது. வீடு கட்ட வெட்டிய மேட்டிலிருந்து டிராக்டரிலோ டிப்பரிலோ வந்து வாசலில் கொட்டப்படும் லோட் மண் அது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டொலமைட் நல்ல சரக்கு, ஆனால் மாவாக அரைபட்டிருந்தால் மட்டும், அதுவும் மண்ணைப் பரிசோதித்த பிறகு. எப்பாவல தேயிலைக்கும் பழமரத்துக்கும் ஏற்றது, மரக்கறிக்குக் காசு விரயம். லோட் மண் பத்தில் எட்டு தடவை குழி நிரப்பத்தான் உதவும், பயிர் வைக்க உதவாது. இவை ஏன் இப்படி என்று விளங்க வேண்டுமானால், நமது மண் எந்தக் கல்லில் இருந்து வந்தது, மழை அதிலிருந்து எதைக் கொண்டுபோனது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். மூட்டை வாங்குவதே மழை கொண்டுபோனதைத் திருப்பி வைக்கத்தானே.

வீதியோரச் சுவரில் தெரிவது

ஹட்டனிலிருந்து நுவரெலியா போகிற வழியெங்கும் வீதிக்காக வெட்டிய மண்சுவர்கள் இருக்கின்றன. ஒன்றின் முன்னால் நின்று பார்த்தால் போதும். மேலே ஒரு சாண் அளவு கறுப்பு மண், இலைதழை உக்கியது. அதற்குக் கீழே சில அடி செம்மஞ்சள் களி. அதற்கும் கீழே பார்வைக்குக் கல் போலவே வரிவரியாக இருக்கும், மண்வெட்டி வைத்தால் சுலபமாக இறங்கும். அதுதான் உக்கிய கல். கல்லின் வரிகள் அப்படியே நிற்கின்றன, கல்லின் உறுதி போய்விட்டது. இடையிடையே உருண்டைப் பாறைகள், வெங்காயம் போலத் தோல் தோலாக உரிந்தபடி இருக்கும். தோலாக உரிந்த பகுதி நாளைய மண், நடுவில் இருப்பது இன்னும் உக்காத கல்.

மலையகத்தின் அடிப்பாறை நைஸ், சார்னொக்கைட், குவாட்சைட், இடையிடையே சலவைக்கல் பட்டைகள். ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துக்கடியில் வெந்து மாறிய பாறைகள் இவை. மழைநீர் காற்றிலும் வேரடியிலும் இருக்கிற காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்ற கனிமத்தைத் தொட்டதும் பொட்டாசியம், சோடியம், கல்சியம் எல்லாம் கரைந்து ஓடைக்குப் போய்விடும். மிஞ்சுவது கயோலின் களி. கறுப்பு மைக்கா, கானட், பைரொக்சீன் போன்ற கனிமங்களில் இருக்கிற மக்னீசியமும் அதே வழியில் போகும். அவற்றின் இரும்பு மட்டும் துருவாகி மண்ணிலேயே தங்கும். நனைந்து காய்கிற இடத்தில் அந்தத் துரு சிவப்பு, எந்நேரமும் ஈரமான குளிர்ந்த இடத்தில் மஞ்சள். குவாட்ஸ் கரையாமல் மணலாகக் கிடக்கும்.

ஆகவே மலையக மண்ணின் புளிப்புக்கு, அதாவது அமிலத்தன்மைக்கு, யாரும் காரணமில்லை. மழையும் கல்லும் சேர்ந்து செய்த வேலை அது. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அங்கே செம்மஞ்சள் பொட்சோலிக் மண்ணின் பீஎச் (புளிப்பை அளக்கும் எண்; 7 நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5-ஐச் சுற்றி இருப்பது வழமை. அமோனியம் சல்பேட்டும் யூரியாவும் போடப்போட இன்னும் கீழே இறங்கும். கண்டி, மாத்தளைப் பக்கத்துச் செங்கபில லற்றோசோலிக் மண் அவ்வளவு கழுவப்படவில்லை, புளிப்பும் குறைவு. செங்குத்தான சரிவுகளில் கல்லும் மண்ணும் கலந்து கிடக்கிற முதிராக் கபில மண்ணில் இன்னும் உக்காத கனிமத் துகள்கள் இருப்பதால் அதற்குச் சொந்தச் சத்து உண்டு. ஆழந்தான் போதாது. குவாட்சைட் முகடுகளுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு வாய்ப்பது மணல் கூடிய ஏழை மண். தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது.

உங்கள் வீடு எந்தக் கல்லின் மேல் இருக்கிறது என்று அறிய ஒரு சுலபமான வழி கேத்தலைத் திறந்து பார்ப்பது. ஊற்று நீரையோ கிணற்று நீரையோ கொதிக்க வைக்கிற கேத்தலின் அடியில் வெள்ளைப் படலம் தடித்திருந்தால், சவர்க்காரம் நுரைக்க மறுத்தால், அந்த நீர் சலவைக்கல் பட்டையைத் தொட்டு வருகிறது. திகண, மாத்தளை, பலாங்கொடை, பதுளைப் பகுதிகளில் இப்படியான இடங்கள் உண்டு. அங்கே மண் ஏற்கெனவே பீஎச் 6.5-க்கு மேல் இருக்கலாம். டொலமைட் வாங்குவதற்கு முன் கட்டாயம் சோதிக்க வேண்டியவர்கள் அவர்கள். மாறாகக் கேத்தல் பல வருடமாகியும் பளபளவென்று இருந்தால், உங்கள் ஊற்று நைஸிலோ சார்னொக்கைட்டிலோ இருந்து வருகிறது. மண் புளிப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

டொலமைட் மூட்டை

மூட்டைக்குள் இருப்பது மேலே சொன்ன அதே சலவைக்கல்தான். கல்சியமும் மக்னீசியமும் காபனேற்றாகச் சேர்ந்த கல். சுத்தமான டொலமைட்டில் கல்சியம் ஒட்சைட்டு 30.4 வீதம், மக்னீசியம் ஒட்சைட்டு 21.9 வீதம், மீதி காபனீரொட்சைட்டு. புளிப்பைத் தணிக்கும் ஆற்றலைச் சுத்தமான கல்சியம் காபனேற்று 100 என்று வைத்து அளப்பார்கள். அந்தக் கணக்கில் சுத்தமான டொலமைட்டுக்கு 108.

சலவைக்கல் கரையக்கூடிய கல் என்பதற்குச் சமனலவெவ அணைக்கட்டைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அதன் வலது கரையில் சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான பொந்துகள் வழியாக 1992-இல் நீர் உடைத்துக்கொண்டு வெளியேறியது. ஆனால் மலை கரைய ஆயிரமாயிரம் வருடம் எடுக்கும். தோட்டத்தில் ஒரே போகத்துக்குள் கரைய வேண்டும். அதற்காகத்தான் அரைப்பது. இந்தச் சரக்கின் தரத்தில் முக்கால்வாசி அரைப்பில்தான் இருக்கிறது என்று அழுத்தியே சொல்கிறோம்.

கடையில் நின்றபடியே பார்க்கலாம். மூட்டை வாயிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேயுங்கள். கோதுமை மா போல வழுக்கிக்கொண்டு விரல் வரிகளுக்குள் ஏறினால் நல்லது. சீனி போல நறநறத்தால் வேண்டாம். வீட்டில் மா அரிக்கும் அரிதட்டில் ஒரு கோப்பை போட்டு அரித்துப் பாருங்கள், ஏறக்குறைய எல்லாமே கீழே இறங்க வேண்டும். கால்வாசி மேலே தங்கினால் அந்தக் கால்வாசி இந்தப் போகத்துக்கு வேலை செய்யாத கல். விலையை மீதி முக்கால் பங்குக்கு வைத்துக் கணக்குப் பாருங்கள். மலிவு மூட்டை பெரும்பாலும் அங்கே விலை கூடிய மூட்டையாகிவிடும்.

அடுத்தது கலப்படமும் அழுக்கும். நமது சலவைக்கல்லில் இயற்கையாகவே பொன்னிற மைக்கா, காரீயத் (கிராபைட்) துகள், பச்சை கலந்த கனிமங்கள் வரும். கொஞ்சம் மினுங்கினால் பயமில்லை. அளவு மீறினால் நீங்கள் வாங்குவது புளிப்பைத் தணிக்காத கல். வீட்டுச் சோதனை இது: தலைதட்டிய ஒரு தேக்கரண்டி மாவை 300 மில்லிலீற்றர் வினாகிரியில் போட்டு, பாத்திரத்தோடு வெந்நீரில் இறக்கி வையுங்கள். இடையிடையே கலக்கி, ஓர் இரவு விடுங்கள். நல்ல டொலமைட் அனேகமாகக் கரைந்துபோய் அடியில் மெல்லிய சாம்பல் படலம் மட்டுமே இருக்கும். அரைத் தேக்கரண்டி அப்படியே கிடந்தால் மூட்டையில் பாதி மணல்.

இதே சோதனையில் இன்னொன்றும் தெரியும். மா குளிர்ந்த வினாகிரியில் விழுந்த உடனே சோடா போலப் பொங்கினால் அது பெரும்பாலும் வெறும் சுண்ணாம்புக்கல். டொலமைட் குளிரில் சோம்பலாகத்தான் நுரைக்கும், சூடேற்றினால்தான் சுறுசுறுப்பாகும். சுண்ணாம்புக்கல் புளிப்பைத் தணிக்கும், ஆனால் மக்னீசியம் தராது. தேயிலைக்காரருக்கு அந்த மக்னீசியம் வேண்டும். முதிர்ந்த இலையில் நரம்புகளுக்கிடையே மஞ்சளடித்து, நடுநரம்பை ஒட்டித் தலைகீழ் ‘வி’ வடிவில் மட்டும் பச்சை நின்றால் அது மக்னீசியப் பசி. உடனடியாகத் தீர்க்க வேண்டுமென்றால் நீரில் கரைகிற கீசரைட் என்ற மக்னீசிய உரத்தைப் போடுவார்கள், அது விலை கூடியது. வருடக்கணக்கில் தாங்க டொலமைட்தான்.

ஈரமான மூட்டையை வாங்காதீர்கள். தண்ணீருக்கும் சேர்த்துத்தான் நிறுக்கிறார்கள், கட்டிபட்ட மா வீசவும் படாது. மூட்டையில் மக்னீசியம் ஒட்சைட்டு எத்தனை வீதம், எந்த அளவு அரைப்பு என்று அச்சிடாத சரக்கைவிட அச்சிட்ட சரக்கை எடுப்பது மேல். அச்சிட்டிருந்தாலும் அரிதட்டு வேலையை விட வேண்டாம்.

சிலர் டொலமைட்டுக்குப் பதிலாக நீற்றிய சுண்ணாம்பைக் கேட்பார்கள். அது வேகமானது, தணிக்கும் ஆற்றல் 135 வரை. ஆனால் இலையிலும் இளவேரிலும் பட்டால் சுடும், மண்ணின் பீஎச்சை ஒரே தாவாகத் தூக்கிவிடும். வீட்டுத் தோட்டத்தில் கை தவறினால் திருத்த வழியில்லை. டொலமைட்டில் அந்தப் பயம் குறைவு, மெதுவாகக் கரைவதே அதன் பாதுகாப்பு.

எவ்வளவு போடுவது

முதலில் மண்ணை எடுக்கும் முறை. நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில், மேலே கிடக்கிற சருகை ஒதுக்கிவிட்டு, 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை ஒரே தடிப்பான துண்டாக எடுங்கள். உரம் போட்ட புள்ளி, சாணக் குவியல், அடுப்புச் சாம்பல் கொட்டும் இடம் ஆகியவற்றைத் தவிருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை வீசி, மீண்டும் கலந்து அரைக் கிலோவுக்குக் கொண்டு வாருங்கள். நிழலில் உலர்த்த வேண்டும். பரிசோதனைக்கு விவசாயப் போதனாசிரியர் மூலமாகவோ, தேயிலையென்றால் தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ அனுப்பலாம். மண்ணில் குத்தி முள் ஆடுகிற மலிவு மீற்றர்களை நம்ப வேண்டாம். ஈரத்துக்கு ஏற்ப அவற்றின் எண் மாறும், காய்ந்த மண்ணில் எல்லாமே ஏழு என்று காட்டும். அவசரத்துக்குப் பீஎச் தாள் மேல்: ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு மழைநீர், நன்றாகக் கலக்கி அரை மணிநேரம் தெளியவிட்டு மேல்நீரில் தோய்க்க வேண்டும்.

கணக்கு நமது அளவில்: ஹெக்டயருக்கு 1 தொன் என்றால் சதுர மீற்றருக்கு 100 கிராம். ஒரு பேர்ச்சஸுக்கு இரண்டரைக் கிலோ, ஏக்கருக்கு ஏறக்குறைய 400 கிலோ. பீஎச்சை ஒரு படி உயர்த்த மணல் கூடிய மண்ணுக்குச் சதுர மீற்றருக்கு 100 முதல் 150 கிராம் வரை போதும். களி கூடிய மண்ணுக்கு 250 முதல் 350 கிராம் வரை போகும். நுவரெலியாவின் கறுப்பு மேல்மண் இன்னும் கூடக் கேட்கும். குளிரில் இலைதழை மெதுவாக உக்குவதால் அங்கே மக்கு நிறைய, மக்கு புளிப்பைத் தனக்குள் பதுக்கி வைத்திருக்கும். ஒரே பீஎச் காட்டுகிற இரண்டு நிலத்துக்கு இரண்டு மடங்கு வித்தியாசத்தில் டொலமைட் தேவைப்படுவது இதனால்தான். பக்கத்து வீட்டுக்காரர் போட்ட அளவைக் கேட்டுப் போடுவது அதனால் சரிவராது.

200 கிராமுக்கு மேல் தேவையானால் இரண்டு போகமாகப் பிரித்துப் போடுங்கள். மரக்கறிப் பாத்திக்கு நடுவதற்கு மூன்று நாலு கிழமைக்கு முன் போட்டு, 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். மேலே தூவிவிட்டு மழைக்கு விட்டால் அது வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர், இரண்டு சென்ரிமீற்றர்தான் கீழே இறங்கும். சரிவான நிலத்தில் அதற்குள் கானோடு போய்விடும். யூரியாவோடும் அமோனியம் சல்பேட்டோடும் சேர்த்து ஒருபோதும் போடாதீர்கள். நைதரசன் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும், மூக்குக்கே தெரியும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது மூன்று நாலு கிழமை இடைவெளி விடுங்கள்.

டொலமைட் தருகிற கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைக்க மண்ணுக்குக் கை வேண்டும். கயோலின் களியின் பிடி மிகச் சிறியது, மக்கின் பிடி அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். கூட்டெருவே போடாத சிவப்பு அடிமண்ணில் டொலமைட் போட்டால் அடுத்த பருவமழையோடு பாதி போய்விடும். மூட்டை வாங்குகிற காசில் ஒரு பங்கைச் சாணத்துக்கு வையுங்கள்.

பயிருக்குப் பயிர் தேவை வேறு. கரட், பீட்ரூட், லீக்ஸ், போஞ்சி, கோவா எல்லாம் பீஎச் 6-க்கும் 6.5-க்கும் இடையில் சந்தோஷமாக இருக்கும். கோவா, முள்ளங்கி வேரில் கட்டிகட்டியாக வீங்குகிற வேர்வீக்க நோய் புளிப்பு மண்ணில்தான் கொழுக்கும். அந்த நோய் வந்த பாத்தியை 7 வரை உயர்த்துவது பயன் தரும். அதே பாத்தியில் பிறகு உருளைக்கிழங்கு வைத்தால் கிழங்குத் தோலில் சொறி வரும், ஏனென்றால் சொறிக்கிருமிக்குப் புளிப்பு ஆகாது. பயிர்ச் சுழற்சியில் டொலமைட் கோவாவுக்கு முன்னால் வரட்டும், உருளைக்கிழங்குக்கு முன்னால் வேண்டாம். அளவு மிஞ்சிப் போட்டால் போரனும் நாகமும் (சிங்க்) வேருக்குக் கிடைக்காது. பீட்ரூட்டின் நடு கறுத்துப்போவது அதன் அடையாளம்.

தேயிலைக்கு 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருந்தால் போதும். பீஎச் 5.5-க்கு மேல் இருக்கிற தேயிலை மலைக்கு டொலமைட் தேவையே இல்லை. கவ்வாத்து வெட்டிய பின் மண் வெளியே தெரிகிற நேரத்தில் தூவி, முள்ளுக்குத்தும்போது (முள்ளால் மண்ணைக் குத்திக் கிளறும்போது) உள்ளே போகவிடுவதுதான் முறை. அளவைப் பரிசோதனை அறிக்கைதான் சொல்ல வேண்டும்.

தேயிலை நாற்று மேடைக்கு டொலமைட்டைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. பீஎச் கூடிய மண்ணில் வெட்டுத்துண்டின் அடி வெள்ளையாக வீங்கி உருண்டையாகிக்கொண்டே போகும், வேர் விடாது. நாற்றுக்குக் கொண்டுவந்த மண்ணின் பீஎச்சைச் சோதிக்காமல் பை நிரப்பினால் மூன்று மாதம் கழித்துத்தான் தவறு தெரியவரும். பழைய லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) இருந்த இடத்தில் தேயிலை ஏன் பிடிப்பதில்லை என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இதுதான். தலைமுறை தலைமுறையாக அடுப்புச் சாம்பல் கொட்டி அந்த மண்ணின் பீஎச் தேயிலைக்கு ஆகாத அளவுக்கு ஏறிவிட்டது. அங்கே டொலமைட் போடுவது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவதுதான். மரக்கறி வையுங்கள், அருமையாக வரும்.

வாசலில் ஹைட்ரேஞ்சியா வைத்திருந்தால் அதையும் பாருங்கள். நீலப் பூ என்றால் மண் புளிப்பு, அலுமினியம் கரைந்து வேருக்குள் போகிறது. டொலமைட் போட்ட பாத்தியோரத்துச் செடி அடுத்த பூப்பில் ரோஸ் நிறத்துக்குத் திரும்பும். அந்த அலுமினியம்தான் புளிப்பு மண்ணில் கரட்டின் வேர்நுனியையும் போஞ்சியின் வேர்நுனியையும் கட்டையாக்குகிறது. தேயிலையோ அதைத் தன் முதிர்ந்த இலையில் சேர்த்து வைத்துக்கொண்டு வாழப் பழகிய செடி.

எப்பாவல பொஸ்பேட்

அநுராதபுர மாவட்டத்தில் எப்பாவலவில் 1971-இல் கண்டுபிடித்த அபடைட் என்ற பொஸ்பேட் கனிமப் படிவிலிருந்து வருகிறது. அதன் கதையும் மண்ணின் கதைதான். காபனேற்றுப் பாறை ஒன்று உக்கி, கரையக்கூடிய காபனேற்று கழுவிப்போக, கரையாத அபடைட் மேலே திரண்டு நின்றது. மழைக்கே கரையாமல் நின்ற கல்லை நாம் பயிருக்குக் கரையச் சொல்கிறோம். மூட்டையிலுள்ள பொசுபரசு, உரக் கணக்கில் (P2O5 ஆக) 28 வீத அளவில் இருந்தாலும் உடனே பயிருக்குக் கிடைப்பது அதில் சிறு பங்கே.

அதைக் கரைக்க ஒரே சாவி புளிப்பு. பீஎச் 4.5 உள்ள தேயிலை மலையில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருடக்கணக்கில் சோறு போடும். பல வருடம் நிற்கிற செடிக்கு அவசரமில்லை, அதனால் பொருத்தம் சரி. நடும் குழியில் அடிமண்ணோடு கலந்து வைப்பதும் நல்லது. மூன்று மாதத்தில் பிடுங்குகிற லீக்ஸுக்கும் கரட்டுக்கும் அது கரைவதற்குள் அறுவடை முடிந்துவிடும். அவற்றுக்கு, அதே கணக்கில் 46 வீதமான ட்ரிபிள் சுப்பர் பொஸ்பேட்தான் சரி. அதுவும் வருடாவருடம் கோழியெருவும் உரமும் கொட்டிய நுவரெலியாப் பாத்திகள் பலவற்றில் பொசுபரசு ஏற்கெனவே தேங்கிக் கிடக்கிறது. பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கடைகளில் அடிக்கடி நடக்கிற பிழை, டொலமைட்டையும் எப்பாவலவையும் ஒன்றாக விற்று, ஒன்றாகவே குழியில் போடச் சொல்வது. ஒன்று புளிப்பைத் தணிக்கிறது, மற்றது புளிப்பில்தான் கரைகிறது. ஒரே குழிக்குள் போட்டால் எப்பாவல கல்லாகவே கிடக்கும். இரண்டும் தேவையான நிலத்தில் முதலில் எப்பாவலவைப் போட்டு மண்ணோடு கலந்து, சில மாதம் விட்டு டொலமைட் போடலாம். அல்லது ஒன்றைக் குழியடியிலும் மற்றதை மேற்பரப்பிலும் வைக்கலாம்.

லோட் மண்

‘நல்ல செம்மண்’ என்று சொல்லிக் கொண்டுவருவதில் பெரும்பகுதி வீதியோரச் சுவரில் பார்த்த மூன்றாவது அடுக்கு: உக்கிய கல். வீட்டு அத்திவாரத்துக்கு மேடு வெட்டும்போது மேலே இருக்கிற ஒரு சாண் கறுப்பு மண் முதலில் எங்கோ போய்விடும், உங்களுக்கு வருவது கீழே இருந்தது. நிறம் அழகாக இருக்கும். மக்கு இருக்காது. இரும்பும் அலுமினியமும் நிறைந்த அந்தச் சிவப்பு, நீங்கள் போடுகிற பொசுபரசைப் பிடித்து இறுக்கிவிடும்.

வண்டி கொட்டுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். வெயிலில் பிடித்தால் பொடிப்பொடியாக மினுங்கி, நனைத்துத் தேய்த்தால் பட்டுப்போல வழுக்கினால் அது மைக்கா கூடிய உக்கிய நைஸ். சாடியில் நிரப்பினால் இரண்டு மழையில் அமிழ்ந்து சீமெந்து போல இறுகும். நனைத்த மண்ணைப் பெருவிரலால் நாடா போலத் தள்ளிப் பாருங்கள்: ஓர் அங்குலத்துக்குள் உடைந்தால் மணல் கூடிய மண், இரண்டு அங்குலத்துக்கு மேல் உடையாமல் நீண்டால் களி. இடையில் இருப்பதுதான் பாத்திக்கு வேண்டும். சந்தேகமென்றால் ஜாம் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள் போட்டு ஐந்து நிமிடம் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல், இரண்டு மணிநேரத்தில் அதன்மேல் படிவது வண்டல், மறுநாளும் கலங்கலாக நிற்பது களி. அடுக்குகளை அடிமட்டத்தால் அளந்துகொள்ளலாம்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு பங்கு லோட் மண்ணுக்கு ஒரு பங்கு உக்கிய கூட்டெரு கலந்து, ஒரு போகம் போஞ்சியோ பயறோ வைத்துக் கொத்திப் புரட்டிய பிறகு மற்றப் பயிருக்கு விடுங்கள். முதல் போகத்திலேயே கரட் வைத்தால் கிளைகிளையாகப் பிரிந்த கிழங்குதான் வரும். விலையைப் பொறுத்தவரை, லோட் மண்ணுக்குக் கொடுக்கிற காசில் கூட்டெருவை வாங்கி இருக்கிற மண்ணைத் திருத்துவது பெரும்பாலும் மலிவு.

மண் அகழவும் ஏற்றிச் செல்லவும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், சாரதியிடம் கேட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியம் அதை எங்கே கொட்டச் சொல்கிறீர்கள் என்பது. உக்கிய கல்லுக்கு வெட்டாத இடத்தில்தான் உறுதி. வெட்டிக் கொட்டிய பின் அது வெறும் தளர்ந்த பொடி, நீரைக் குடித்துக்கொண்டே பாரம் ஏறும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய சரிவும் நீரேறிய தளர்ந்த சரிவுமண்தான். ஆகவே சரிவின் விளிம்பிலும் வீட்டுக்கு மேற்புறத்திலும் ஒரு லோட்டைக்கூடக் குவித்து வைக்காதீர்கள். சமதரையில் ஓர் அடிக்கு மேல் உயராமல் பரப்பி, மேற்புறத்துக் கானைத் துப்புரவாக்கி, மழைக்கு முன் புல்லோ மூடுபயிரோ பிடிக்க வைத்துவிடுங்கள். கானை அடைத்துக்கொண்டு கொட்டத்தான் இடம் இருக்கிறதென்றால் டிப்பரை அப்படியே திருப்பி அனுப்புங்கள்.